போய்வரும் மின்சாரம்

பில்லில் அபராதம் தனிவரியாக வந்திருந்தது.
"பன்னெண்டு தறிதான். கொக்கி போடல, திருடல" என்றாள்
பொதட்டூர்பேட்டை தேசம்மாள்.

திருட்டில்லைம்மா.
மோட்டார் கேட்கிறது, கம்பி கொண்டுவருகிறது,
உடனே திருப்பித் தருகிறது, மறுபடி கேட்கிறது,
நொடிக்கு நூறு தடவை.
அதனால் ஓர் இழைகூட நெய்யப்படாது.
அதில்லாமல் தறி அசையவும் அசையாது.
வழியெல்லாம் கம்பிதான் சுடுகிறது.

"நகரிக்குப் போயி நூல் இல்லன்னு
திரும்பி வருவாரே எங்க வீட்டுக்காரரு.
பஸ் காசு தண்டம்."

கெப்பாசிட்டரைச் சுவரில் முடுக்கினேன்.
இனி கொடுக்கல் வாங்கல் இந்தக் கொட்டகைக்குள்ளேயே.
பாயிண்ட் எழுபத்தொன்று
தொண்ணூற்றாறுக்கு ஏறியது.

கிளம்பும்போது சொன்னேன்:
அணைத்தாலும் உடனே தொடாதீங்க.
உள்ளே கொஞ்சநேரம் வெச்சிருக்கும்.

அறுந்த இழையை முடிந்துகொண்டே
"தெரியும்" என்றாள்.
"இருபது வருஷமாச்சு கல்யாணம் ஆகி."