துலக்கியவள்

ஹாலிஃபாக்ஸ், 1877 பிப்ரவரி.
அடகுக்கடை மாடியில் திருமதி அக்ராய்ட்
கணப்புக்கோலால் அடிபட்டுக் கிடந்தாள்.
கான்ஸ்டபிள் வந்தார், ஜன்னலைத் திறந்தார்,
படியில் உட்கார்ந்து குமட்டலை விழுங்கினார்.
பிறகு கேட்டார்:
இங்கே சுத்தம் செய்கிறவள் யார்?

எப்சிபா க்ரௌதர், வயது இருபத்து நான்கு.
கை சுத்தமானவள் என்று பாதிரியார் எழுதிய
சான்றிதழ் வைத்திருந்தாள்.
ஒரு வாளி, சலவைச் சோடா, பன்றிமயிர்த் தூரிகை,
நாலு பென்னி கூலி.
மதியம் ஜூரிகள் பார்வையிட வருகிறார்கள்,
பன்னிரண்டு கனவான்கள்;
பூட்ஸில் எதுவும் ஒட்டக் கூடாது.

முட்டி போட்டாள்.
தரை, கட்டில் கால், தண்ணீர்க் குவளை.
கடைசியாக வெள்ளையடித்த நிலைக்காலில்
தோள் உயரத்தில்
ஒரே ஒரு கட்டைவிரல், சிவப்பாய்.
அறுத்த மரத்தின் வளையங்கள் மாதிரி வரிவரியாய்,
குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.
அழகாயிருக்கிறதே என்று பார்த்தாள்
ஒரு மூச்சு நேரம்.
அந்த வழக்கில் நடந்த துப்பறிதல்
அவ்வளவுதான்.

பிறகு துலக்கினாள்.

நிலக்கரி வண்டிக்காரன் தோபியா லம்
பதினொரு ஷில்லிங் கடன்பட்டிருந்தான்.
புருவம் இரண்டும் கூடியிருந்தன.
முகமே சொல்கிறது, என்றது செய்தித்தாள்.
அப்போதெல்லாம் முகம்தான் சொல்லும்,
பக்கத்து வீட்டுக்காரி அதை மொழிபெயர்ப்பாள்.
தீர்ப்புக்குப் பின் மூன்று ஞாயிறுகள் தருவார்கள்.
நாலாவது ஞாயிறு
லீட்ஸ் சிறையில் அவனுக்கு இல்லை.

முப்பத்தோரு வருடம் கழித்து
வேறொரு வீடு, வேறொரு பிணம்.
வாசலில் கயிறு கட்டியிருந்தது.
வாளியோடு வந்தவளை
சார்ஜென்ட் நட்டர் நிறுத்தினார்:
எதையும் தொடாதீர்கள்.
உள்ளே ஒருவன் மென்தூரிகையால்
கண்ணாடிக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தான்,
குழந்தைக்குப் பூசுவது போல.

இந்த வீட்டைக் கூட்டுகிறவள் என்பதால்
உங்கள் ரேகையைக் கழிக்க வேண்டும், என்றார்.
பத்து விரலையும் மையில் உருட்டினார்.
தாளில் பத்துக் கறுப்புத் திட்டுகள்.
ஒரு வரி இல்லை.
இன்னொரு தாள் எடுத்தார். அதிலும் அப்படியே.
சோடா தின்றிருக்கிறது, என்றாள் எப்சிபா.
சார்ஜென்ட் சிரித்தார்:
நீங்கள் கொலை செய்தால்
எங்களால் பிடிக்கவே முடியாது.

அவள் சிரிக்கவில்லை.
ஒருவருக்கு இருப்பது போல்
இன்னொருவருக்கு இருக்காதா, என்று கேட்டாள்.
உலகத்தில் யாருக்குமே, என்றார் அவர்,
நேற்றுதான் பயிற்சி முடித்தவர் போல.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றாள்.

இரவு, பைபிளில்
யோபு புத்தகத்தில் அடையாளம் வைத்திருந்த
பழைய நிலக்கரிச் சீட்டை உருவினாள்.
அரை மூட்டை, ரொக்கம், பெறப்பட்டது.
ஓரத்தில் தோபியா லம் பிடித்திருந்த இடத்தில்
கரி அப்படியே இருந்தது.
விளக்கைத் தூண்டி
அருகே கொண்டு போனாள்.

வளையத்துக்குள் வளையம்.
குறுக்கே
எதுவும் இல்லை.