கடலைப் பார்த்த அறை

புவேர்ட்டோ வயார்ட்டா.
எழுத்தில் இரண்டு எல் இருக்கிறது,
சொல்லும்போது இரண்டையும் விழுங்கிவிட வேண்டுமாம்.
சுகந்தி மூன்று நாள் பழகினாள்,
அரிசி களைந்தபடி,
சிக்னலில் ஹெல்மெட்டுக்குள்.
மூன்றாவது மாடி கிருபாகரன் கேட்டார்:
"வல்லாரையா? ஞாபக சக்திக்கா?"

சீட்டைத் தள்ளி எடுத்தோம்.
நகைக்கு இல்லை, வண்டிக்கு இல்லை,
கல்யாணம் எதுவும் இல்லை என்றதும்
சீட்டுக்கார அம்மா குரலைத் தாழ்த்தினாள்:
"யாருக்கு உடம்பு சரியில்ல?"

பிறந்தது ராயபுரம்,
வாக்கப்பட்டது திருவல்லிக்கேணி.
"இந்தக் கடல் சூரியனைத் துப்பித்தான் பார்த்திருக்கேன்,
ஒரு தடவை
முழுங்கிப் பார்க்கணும்."

கோழிக்கோட்டுக்கு ராத்திரி ரயில் இருக்கிறதே என்றேன்.
எக்ஸ்ரே அறையில்
மூச்சை அடக்கத் தெரியாத நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"கோழிக்கோட்டுல
உங்க சித்தப்பாவும் இருக்கார்."

அதற்குப் பிறகு எக்செல்தான்.
விசாவுக்கு ஒரு நிரல்,
விசா கிடைக்காவிட்டால் ஒரு நிரல்,
பெசோவை ரூபாயாக்கி, ரூபாயை
அவளுடைய ஓவர்டைம் மணிகளாக்கும் ஒரு நிரல்.
அங்கேயும் ஐப்பசி வரை புயலாம்.
நம் புயலில் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள்
காசு கொடுத்து இன்னொன்றுக்குப் போவானேன்,
தை என்று முடிவாயிற்று.
மீன் பிரச்சினை இல்லை. எலுமிச்சையும் மிளகாயும்
அவர்களுக்கும் உண்டு.
சோறு உண்டா என்று மட்டும்
மூன்று விடுதிகளுக்கு எழுதிக் கேட்டாள்.
ஒன்றில்தான் பதில் வந்தது: உண்டு, மேடம்.

எல்லாம் அடங்கி
ஒரே ஒரு கட்டத்தில் வந்து நின்றது சண்டை.
தோட்டத்தைப் பார்த்த அறை ஒரு விலை,
கடலைப் பார்த்த அறைக்கு
இரவுக்கு நாலாயிரத்து இருநூறு கூட.
"அறையில எவன் இருக்கப் போறான்,
தூங்கத்தானே?" என்றேன்.
பதிலே இல்லை. கையை நீட்டி
மொட்டை மாடிப் பக்கம் காட்டினாள்.

எங்கள் மாடியில்
இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்குக் கடல் தெரியும்.
அந்த விரலுக்காக
மாதம் ஆயிரத்தைந்நூறு வாடகை கூடக் கொடுத்து,
ஏழு வருடமாக அதன் எதிரில்
துணி காயப்போட்டு வருகிறோம்.

ஒரு விடிகாலை என்னை உலுக்கி எழுப்பினாள்.
கைப்பேசியில் அந்த ஊர்க் கடற்கரை,
யாரோ கம்பத்தில் மாட்டிய கேமரா.
அங்கே நேற்றைய சாயங்காலம்.
இருட்டில் மாடியேறி
தொட்டியோரம் குந்தி உட்கார்ந்தோம்.
கடற்பறவைகள், ஒரு படகு,
பந்தைத் தேடும் ஒரு நாய்.
சூரியன் அடிவிளிம்பில் கொஞ்சம் தட்டையாகி
சத்தமே இல்லாமல் போய்விட்டது.
அங்கே இருந்தவர்கள் கைதட்டியது தெரிந்தது,
கேட்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து
இரண்டு தொட்டிகளுக்கு நடுவே
அதே சூரியன்,
ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

பார்த்தாயிற்று, செலவு மிச்சம்
என்று ஒரு கணம் நினைத்தேன், நிஜம்.
அவள் கைப்பேசியை அணைத்துவிட்டு
என்னிடம் இல்லை, தொட்டியிடம் கேட்பதுபோல் கேட்டாள்:
"நடுவுல அந்த அரை மணி நேரம்
எங்க இருந்துச்சு?"

கீழே லாரியின் ஹாரன்.
குடத்தோடு இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.
நான் தாமதமாக இறங்கி
எக்செல்லைத் திறந்து
தோட்டத்தை அழித்தேன்.