ஆவிக் கணக்கு

மாங்குளத்து டிப்போவில்
டீசல் தாங்கியின் வாயைத் திறந்து
ஒரு தடியை இறக்குவதுதான்
நாளின் முதல் வேலை, எனக்கு.
பித்தளைத் தடி. நடுவில் சிறிய வளைவு.
ஈரம் நின்ற கோட்டை வாசித்துப்
பதிவேட்டில் எழுத வேண்டும்.

எனக்கு முன் இருந்தவரின் எழுத்து
அச்சுப் போல இருக்கும்.
வழங்கியது, மீதி. கடைசிப் பத்தியில்
ஒவ்வொரு நாளும் ஒரே சொல்:
ஆவி.
பதினான்கு லீற்றர், ஆவி.
பங்குனி வெயிலிலும் பதினான்கு.
கார்த்திகை வெள்ளத்தில்
தாங்கியைச் சுற்றித் தவளை கத்திய அன்றும்
பதினான்கு.

பெற்றோல் பறக்கும், டீசல் இப்படிப் பறக்காது
என்று மெக்கானிக் செல்வநேசனிடம் சொன்னேன்.
நட்டை முடுக்கிக்கொண்டே சொன்னார்:
"இஞ்ச எல்லாம் பறக்கும், தங்கச்சி."

சுவரில் கொழும்பிலிருந்து வந்த சுவரொட்டி.
பச்சை இலைக்குள் ஒரு பஸ்.
நிலைபேறு, நல்லாளுகை என்று இரண்டு வரி.
வெடிப்பை மறைக்கப் போதுமான அகலம்.
ஒட்ட வந்தவர்கள் மருதங்கன்று ஒன்றும் நட்டுப்
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
கன்றை மாடு தின்றது.
படம் அறிக்கையில் இருக்கிறது.

ஒரு பின்னேரம், மழை,
பழைய கோப்பைப் புரட்டினேன்.
விளாத்திமோட்டை, காலை ஐந்து நாற்பது:
"எரிபொருள் பற்றாக்குறையால் இடைநிறுத்தம்."
அதன் கீழே ஊரார் போட்ட மனு.
நாற்பத்தொரு கையெழுத்து, ஆறு பெருவிரல்.
சந்திரமதி என்ற பெயருக்குப் பக்கத்தில்
இடம் போதாமல் வளைத்து எழுதியிருந்தது:
"செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேணும்.
ஓட்டோக் காசுக்குக் கோழி விக்கிறன்."

போக இருபத்து நான்கரைக் கிலோமீற்றர்.
வர இருபத்து நான்கரை.
எங்கள் பழைய வண்டி லீற்றருக்கு மூன்றரை ஓடும்.
பென்சிலால் பிரித்தேன்.
பிறகு பேனையால்.
பதினான்கு.

அடுத்த நாள் ஆவிப் பத்தியில்
காணவில்லை என்று எழுதினேன்.
அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில்
சும்மா எழுத முடியாது.
எத்தனை படிவத்தில் எழுதிய கைகள்.
கொஞ்ச நேரம் பேனையை மூடாமல் இருந்தேன்.

முகாமையாளர் கூப்பிட்டார். கதிரை காட்டவில்லை.
"பிள்ளை, ஆவி எண்டு போட்டால்
ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லையே."
பெரிதாக ஏதோ பேச வேண்டும் என்றுதான் போனேன்.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
"தாங்கிப் பூட்டின்ர மற்றத் திறப்பு ஆரிட்ட, சேர்?"
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒருவரும் பிடிபடவில்லை.
ஒருவர் இடமாற்றம் கேட்டுப் போனார்.
பதினான்கு ஒன்பதானது. ஒரு வெள்ளிக்கிழமை
தடியில் கோடு, எழுதிய கோட்டிலேயே நின்றது.

நேற்று ஐந்து நாற்பது மறுபடி ஓடியது.
ஏறியவர் ஏழு பேர். ரிக்கற் காசு
டீசலுக்கே காணாது.
சிவப்பு மையில் நட்டம் என்று எழுதி
என் பெயரைத் தெளிவாக வைத்தேன்.
இது எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

சந்திரமதி ஏறினாவா என்று
நடத்துநரிடம் கேட்கவில்லை.
மனுவின் திகதி
மூன்று வருடப் பழசு.