இருப்பு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைபேசி அதிர்கிறது:
பாலாறு யுனைடெட் கால்பந்துக் கழகம்,
வட்டி வரவு எட்டு ரூபாய்,
இருப்பு ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு.

கழகம் இல்லை.
பதினாறு வருஷமாக இல்லை.
நான் அதன் பொருளாளர்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆற்காடு ஹிலால்.
அந்தப் பக்கம் ராணிப்பேட்டை தொழிலாளர் லெவன்;
லெவன் என்று பெயரே ஒழிய எப்போதும் எட்டுப் பேர்.
ஹிலாலில் ஒன்பது,
அதில் ஒருவன் கண்ணாடி போட்ட கோலி, நான்.
எழுபத்திமூன்றில் இரண்டையும் சேர்த்தார்கள்.
சேர்க்க ஏழு கூட்டம்,
பச்சையா சிவப்பா என்று மட்டும் ஐந்து.
கடைசியில் மார்பு பச்சை, முதுகு சிவப்பு
என்று தைத்துக் கொடுத்தார் டெய்லர் ஜபருல்லா.
கொடி பிடித்தவருக்கு
நாங்கள் வருகிறோமா போகிறோமா என்பது நன்றாகத் தெரிந்தது.

பதிவு எண்ணும் இரண்டு. பதினேழு, முப்பத்தொன்று.
ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்றது மாவட்டச் சங்கம்.
நாலணாவைச் சுண்டினோம்.
பூவா தலையா பார்க்குமுன்
மணல் அதை விழுங்கிவிட்டது.

மைதானம் நடு ஆறு.
தோல் ஷெட்டில் மயிர் களையும் சுண்ணாம்புதான் கோடு.
விழுந்தவன் முட்டியில் எரியும்,
எழுந்தவன் அதனாலேயே வேகமாக ஓடுவான்.
எங்கள் மணலில் பந்து எழும்பாது;
யார் வந்தாலும் தோற்றார்கள்.
மற்ற ஊரில் எழும்பியது;
போன இடமெல்லாம் தோற்றோம்.
மினிட்ஸ் புத்தகம் நூற்றித் தொண்ணூறு பக்கத்தில்
இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது.

ஒரு ஐப்பசி.
அரக்கோணத்து ரயில்வே பையன்களோடு
இரண்டுக்கு ஒன்று, நாங்கள் இரண்டு.
ஐம்பத்தெட்டாம் நிமிடம்
மேற்கிலிருந்து பழுப்பாக ஏதோ ஊர்ந்து வந்து
சென்டர் கோட்டைத் தொட்டது.
எங்கோ பைப் உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தோம்.
ஆற்றில் நின்றுகொண்டு
ஆறு என்று எவனுக்கும் தோன்றவில்லை.
ரெஃப்ரி விசிலை ஊதிக்கொண்டே கரையேறினார்.
"ஆறு வந்தமையால் ஆட்டம் கைவிடப்பட்டது,"
செயலாளர் தேவநேசன் கையெழுத்து.
வடக்கு கோல் கம்பம்
காவேரிப்பாக்கம் மதகடியில் அகப்பட்டது.
எருமை கட்டியிருந்தார்கள்.
விட்டுவிட்டு வந்தோம்.

ஆறு எங்களைக் கலைக்கவில்லை.
தை பிறந்ததும் கோடு போட்டோம்.

லாரிகள் வந்தன.
முதலில் பெனால்டி புள்ளி போனது.
அடுத்த வாரம் வலது கார்னர்.
பள்ளத்தில் உருண்ட பந்தை எடுக்க இறங்கிய சம்பங்கி
"இன்னாபா, இங்க தண்ணி கீது!" என்று கத்தினான்.
கறுப்புத் தண்ணீர். ஷெட்டின் வாடை.
வாரம் ஆறு நாள்
நாங்கள் வேலை செய்து கழுவிவிட்டது.
அதை மினிட்ஸில் யாரும் எழுதவில்லை, நானும்தான்.

கடைசி ஆட்டத்துக்கு வந்தது ஆறு பேர்.
மூன்று வருஷச் சந்தா பாக்கி என்று
பதினேழை அடித்துவிட்டார்கள்.

தலைவர் தஸ்தகீர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும்.
"கழகம் கலைஞ்சிடுச்சின்னு
கழகமே தீர்மானம் போட்டுத் தரணும் சார்,
முத்திரையோட," என்றாள் கவுண்டர் பெண்.
பழைய பைலைப் புரட்டி
கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு பேர் என்றாள்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.
என்னோடு ஏழு.

ஓச்சேரியிலிருந்து ஒருவன் வருகிறான்.
பெங்களூரிலிருந்து இரண்டு பேர், ஞாயிறு என்றால்.
டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல் என்கிறான் சம்பங்கி.
முனிரத்தினம்தான் மறுக்கிறான்:
"எம்பத்தாறுல நான் போட்டது ஆஃப்சைடு இல்லன்னு
மொதல்ல எழுது.
அப்பறம் மூடிக்கலாம்."

அது ஆஃப்சைடுதான்.
நூறு கஜம் தள்ளி, எங்கள் கோலில் நின்று
என் கண்ணால் பார்த்தேன்.
கண்ணாடி அன்றைக்கு முதல் பாதியிலேயே
உடைந்து போயிருந்தது.