முப்பத்தெட்டு எம்.பி.

கெய்யோன் துறைமுகத்தில் நான்காம் நாளாக மழை.
படகு கட்டிக் கிடக்கிறது.
சமையல் மேசையில் நானும் லேப்டாப்பும்.

அதற்குப் பதினோரு வயது.
நான்கு ஜிபி நினைவு.
கீல் விட்டுப்போன இடத்தை
வலை தைக்கும் நைலான் நூலால்
ரோசாமெல் இழுத்துக் கட்டியிருக்கிறார்.
உப்பேறிய ஒரு விசையை இரண்டுமுறை குத்தவேண்டும்.
புதிது வாங்கேன் என்கிறாள் வால்டிவியாவிலிருந்து மாகாலி.
புதிது முதல் அலைக்கே வாந்தியெடுக்கும்
என்கிறார் ரோசாமெல்.

பெரிய மென்பொருளைத் திறந்தேன்.
ஆனை அசைந்து தின்னுமாம்.
இது, சுழல ஒரு வட்டத்தை விட்டுவிட்டு
அசையாமல் தின்றது.
மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக் குடித்தேன்.
இன்னொரு முறை ஊற்றினேன்.
மின்விசிறி மேட்டில் ஏறும் லாரிபோல இரைந்தது.
கடைசியில் வந்து நின்று
கடவுச்சொல் கேட்டது.
இன்டர்நெட் இல்லையே என்றேன்.
அப்படியானால் நீ யார் என்றது,
இதைவிட மரியாதையான சொற்களில்.

அடுத்தது சட்டென்று திறந்தது.
கேமராவின் கச்சாக் கோப்பை நீட்டினேன்.
இது படமே இல்லை என்று சொல்லிவிட்டது.

மூன்றாவதை நான் தொடமாட்டேன்.
அதில் ஒரு பொத்தான் உண்டு: அழகாக்கு.
போன பிப்ரவரியில் கை தவறி அழுத்தினேன்.
நாற்பத்தொன்றாம் எண் நீலத்திமிங்கிலத்தின் விலாவில்
மாவு சிந்தியதுபோல இருக்கும் வெள்ளைத் திட்டுகளை
தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது.
புது விருந்தாளி என்று பதிவேட்டில் ஏற்றினோம்.
பெயர்கூட வைத்தாள் மாகாலி.
ஒன்பது வருடமாகத் தெரிந்த ஒரு முதுகுக்காக
மூன்று பாட்டில் ஆப்பிள் மது காலி.
திருத்தக் கடிதம் நான்தான் எழுதினேன்.

மிஞ்சியது ஒரு பென்டிரைவில் கிடந்த சின்னது.
முப்பத்தெட்டு எம்.பி.
எழுதியவர் யாரோ, எப்போதோ விட்டுப் போய்விட்டார்.
பொத்தான்கள் சாம்பல் நிறம்.
வெட்டும். வெளிச்சம் கூட்டும். நிழலைத் தூக்கும்.
மரு என்றால் அதற்கு என்னவென்றே தெரியாது.
ஒரே ஒரு அடிதான் பின்வாங்கலாம்,
அதற்குமேல் செய்தது செய்ததுதான்.

வியாழக்கிழமை எடுத்த படத்தைக் கொடுத்தேன்.
கொர்கோவாதோவின் கருந்தண்ணீர்,
நடுவே அதைவிடக் கருப்பாக ஏதோ.
நிழலைத் தூக்கினேன்.
மேலிருந்து வரி வரியாக வந்தது:
தண்ணீர், தண்ணீர்,
துடுப்பின் நுனி, அதில் ஒரு வெட்டு,
பிறகு முதல் திட்டு.
பாதிப் படம் வருவதற்குள்
பின்னால் கத்தியும் உருளைக்கிழங்குமாக நின்ற ரோசாமெல்
நாற்பத்தொன்று என்றார்.

இன்னும் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

அவர் போகவில்லை.
சட்டைப்பையிலிருந்து மாலுமி அட்டையை எடுத்தார்,
அதில் ஒட்டியிருந்த தன் முகத்தைக் காட்டினார்.
இந்த நெற்றியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, யஸ்னா?

இதில் முடியாது என்றேன்.

அட்டையை ஒருமுறை பார்த்தார்,
லேப்டாப்பை ஒருமுறை பார்த்தார்,
கிழங்கு உரிக்கப் போய்விட்டார்.