முப்பத்தேழாம் படிவம்

சனிக்கிழமை ஆறரை மணி வண்டியில்
உசிலம்பட்டியில் ஏறும்போது நான் டீச்சர்.
நாகமலை தெரியத் தொடங்கியதும்
மெல்ல மாணவியாகிறேன்.
செக்கானூரணியில் ஏறிய மொச்சைக்காய் மூட்டைக்கும் எனக்கும் நடுவே
புள்ளியியல் புத்தகம் விரிந்து கிடக்கிறது.
தமிழ் டீச்சர், திட்ட விலக்கம் வரைக்கும் வந்துவிட்டேன்.
மேலே போகத் தூக்கம் விடவில்லை.

பல்கலை நிறுத்தத்தில் கண்டக்டர்தான் எழுப்புவார்:
"எம்மெட்டு, எறங்கலையா?"
என் பெயர் அவருக்குத் தெரியாது.
பட்டம் தெரிந்திருக்கிறது,
இன்னும் வாங்காத பட்டம்.

முன்வரிசைக்கு,
பி.எட். முடித்த கையோடு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.
நான் கடைசி பெஞ்சில்
நாற்பத்து மூன்று வயதில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
'கற்போர் மையக் கற்பித்தல்' என்று தலைப்பிடுகிறேன்.
ஒரு கேள்வி கேட்க விடாமல்
மூன்று மணி நேரம் அதை நடத்தினார் பேராசிரியர்.

சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில்
கண் சொருகி, நெற்றி மேசையில் இடித்தது.
யாரும் என்னை நிற்க வைக்கவில்லை.

போன வாரம் எட்டாம் வகுப்பில்
இதே இடிக்கு ரித்தீஷ்பாண்டியை நிற்க வைத்தேன்.
விடிகாலை மூன்று மணிக்குப் பூப்பறிக்கப் போனவனாம்.
அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
பக்கத்துப் பையன் சொல்லி
"சரி, உக்காரு" என்பதற்குள்
மணி அடித்துவிட்டது.

ஆய்வுத் தலைப்பு:
நடுநிலைப்பள்ளி மாணவரின் கற்றல் ஆர்வமும் குடும்பச் சூழலும்.
அறுபத்திரண்டு பிள்ளைகள், இருபத்தைந்து கூற்றுகள்,
'முழுதும் உடன்படுகிறேன்' தொடங்கி
கூற்றுக்கு ஐந்து கட்டங்கள்.
பெயர் எழுத வேண்டாம்,
யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது
என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

முப்பத்தேழாம் படிவத்தில்
ஒரு கட்டத்திலும் டிக் இல்லை.
பதினான்காம் கூற்று:
'படிக்கச் சொல்லி வீட்டில் என்னை ஊக்குவிக்கிறார்கள்.'
அதன் ஓரத்தில் பென்சிலால்
"டீச்சர் ஒங்கள வீட்டுல யாரு படிக்கச் சொன்னா"

பெயர் இல்லைதான்.
ஆனால் வால் இல்லாத அந்த ளகரத்தை
நான்கு மாதமாகச் சிவப்பு மையில் வட்டமிடுகிறவள் நான்.
வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள்.

யார் சொன்னார்கள்?
"ஊக்க ஊதியமும் இல்லங்கறாங்க, பெறகு எதுக்கு?"
இது வீட்டுக்காரர்.
"ரெண்டு பேருக்கும் ஒரே மாசம் பரீட்சைன்னா
யாரும்மா சமைக்கிறது?"
இது பிளஸ் டூ படிக்கும் மகள்.
ஸ்டாஃப் ரூமில் ஸ்டெல்லா ஜெயமணி மட்டும்
"வீட்டை விட்டு ரெண்டு நாள் தப்பிக்கிறீங்க" என்றாள்.
அவள் சொன்னதைத்தான்
நான் இன்னும் மறுக்கவில்லை.

நெறியாளர் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்.
"முழுமையில்லாத படிவம். எடுத்துருங்கம்மா."
எடுத்தேன்.
அறுபத்திரண்டு அறுபத்தொன்று ஆனது.
அட்டவணை அழகாக வந்தது.
முடிவு பொருளுடையது என்று
ஜெராக்ஸ் கடைப் பையன்கூட ஒப்புக்கொண்டான்.

பென்சில் வரிக்குக் கீழே நானும் பென்சிலால்
"யாரும் சொல்லல" என்று எழுதினேன்.
எப்படித் திருப்பிக் கொடுப்பது?
கொடுத்தால்
யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னது பொய்யாகும்.

சாப்பாட்டுப் பையிலேயே கிடக்கிறது, மடித்தபடி.
எலுமிச்சைச் சோற்று எண்ணெய் பட்டு
பதினான்காம் கூற்று கண்ணாடிபோல் ஆகிவிட்டது.
அதன் வழியே பின்பக்கத்து வரி
இடவலம் மாறித் தெரிகிறது.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
'நான் சொல்வதை என் ஆசிரியர் காதுகொடுத்துக் கேட்கிறார்.'

அதற்கும் டிக் இல்லை.