ஆறெட்டு நாற்பத்தெட்டு

ஆறாறு முப்பத்தாறு.
இருக்கையைத் தூக்கினால் அதுதான் கணக்கு:
ஆறு பேட்டரி, தலைக்கு ஆறு வோல்ட்,
ஒன்றின் வாலை மற்றொன்று கவ்வியபடி,
முனைகளில் பச்சைப் பூ பூத்து.
தொண்ணூற்று மூன்றாம் வருடத்து வண்டி.
இதில் கோல்ஃப் ஆடப் போனவர் யாரோ
ஆடி முடித்துப் போய்விட்டார்.
நான் வாங்கியது பாலும் முட்டையும் கொண்டுவர,
வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்குப் போக.

ஃப்ளோரிடா தட்டை என்று சொல்கிறவர்கள்
எங்கள் கால்வாய்ப் பாலத்தை
இந்த வண்டியில் ஏறியதில்லை.
பாதி மேட்டில் மோட்டார் முனகும்.
ஹாலிஸ் ஒன்றும் சொல்லாமல் இறங்கிக்கொள்வார்.
நூற்றுப் பத்து கிலோ, படகு ஓட்டிய உடம்பு.
கூரைக் கம்பியில் ஒரு கையை வைத்துக்
கூடவே நடந்து வருவார்,
வண்டிக்கும் அவருக்கும் ஒரே இரைப்பு.
போன மாதம் ஒரு நாரை எங்களை முந்திப் போனது.
பறந்தல்ல.
நடந்து.
அன்றிரவே பேட்டரிக்குப் பணம் கட்டினேன்.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்துகளின் அடியில்
மல்லாந்து கிடந்தவள் நான்.
வோல்டை மட்டும் கூட்டிவிட்டு
மற்றதெல்லாம் அனுசரித்துப் போகும் என்று
இருந்துவிடக் கூடாது.
பழைய கன்ட்ரோலர் புகைந்துவிடும்.
பழைய சாலினாய்டு ஒட்டிக்கொண்டால் விடாது,
வண்டி நிற்காது.
சார்ஜர் வேறு. விளக்குகளுக்குப்
பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி வேறு.
மோட்டார் மட்டும் அதே மோட்டார்.
கொஞ்சம் சூடாகும், தாங்கும் என்றான் கடைக்காரன்.

ஸ்பானரின் கைப்பிடிக்கு டேப் சுற்றினேன்.
மோதிரத்தைக் கழற்ற வேண்டும்:
தங்கம் இரண்டு முனையைத் தொட்டால் விரல் மிஞ்சாது.
வீங்கிய கணுவில் மாட்டிக்கொண்டது,
பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் திருகினேன்.
டுவைட் போட்டுவிட்டது. அவர் போய்ப் பதினோரு வருடம்.
வாஷர்கள் கிடக்கும் காபி டின்னில் போட்டேன்,
'டிங்' என்றது, மற்ற வாஷர்களைப் போலவே.

ஹாலிஸ் டார்ச் பிடித்தார்,
எப்போதும் தப்பான இடத்தில்.
புதிய ஆறும் பழைய தட்டிலேயே உட்கார்ந்தன,
அரை அங்குலம் மட்டும் உயரமாக.
ஆறெட்டு நாற்பத்தெட்டு.
கடைசி ஒயர் தொட்டபோது ஒரு நீலப் பொறி,
"ஏசுவே" என்று டார்ச்சைத் தவறவிட்டார்.
மீட்டர் ஐம்பது புள்ளி ஒன்பது என்றது.
வயிறு நிறைந்திருந்தால்
நாற்பத்தெட்டும் கொஞ்சம் பெருமை பேசும்.

வியாழன். பாலம். இருவரும் உட்கார்ந்தபடி.
மிதித்தேன். 'டக்'.
மேடு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.
கீழே முதலை கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரை.
தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்:
"பிரமாதம், வெர்லீன்."

இறக்கத்தில்தான் எனக்கு உறைத்தது.

மகனைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அந்த மேட்டில்தான்.
இறங்கி நடந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல்,
கூரைக் கம்பியிடம் சொல்வதுபோல்.
சிறையிலிருந்து வரும் போன்,
பதினைந்தாவது நிமிடத்தில் தானாக அறுவது.
அனுப்பிய காலுறை திரும்பி வந்தது.
ஒரு ஏற்றத்துக்கு ஒரு விஷயம், அதற்குமேல் இல்லை.
உட்கார்ந்த ஹாலிஸ் புயல் பேசுவார், மீன் பேசுவார்.
போன வாரம், "வக்கீல் கடிதத்தைப் படித்துவிட்டு அவன்..."
அதற்குள் மேடு முடிந்துவிட்டது,
ஏறிக்கொண்டார்.

வேகத்தைக் குறைத்து வைக்கலாம்,
புது கன்ட்ரோலரில் அதற்கு ஒரு திருகு உண்டு.
மாட்டேன்.
எண்ணூற்று நாற்பது டாலர், இரண்டு வார முதுகுவலி.

மன்றத்து வாசலில் நிறுத்தினேன்.
குனிந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன்:
நல்ல சூடு.
உள்ளே சீட்டுக் கலைக்கிறார்கள்.
ஹாலிஸ் இறங்கிவிட்டார், ஆனால்
கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை,
வண்டி நகரட்டும் என்று காத்திருப்பவர்போல.

போகலாமா என்றேன்.
ஒரு நிமிஷம், என்றார்.